வலிக்கு எந்தக் கோட், எது முதலில்? மெடிக்கல் கோடிங் கேள்வி-பதில்

டாக்டர் எழுதிய நோயாளிப் பதிவான சார்ட்டைப் படித்து, அதிலுள்ள நோய்க்கு உரிய கோட் எண்ணைப் போடுவதுதான் மெடிக்கல் கோடிங். வலி சார்ட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்கள் எல்லாம் அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் கோட் தொகுப்புக்கும் அதன் அதிகாரபூர்வக் கைடுலைனுக்கும் உரியவை. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உட்கார்ந்து நம்மவர்கள் கோட் போடும் சார்ட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10-ஐப் பார்த்துப் படிப்பவர்கள் குழம்பிவிட வேண்டாம். அதில் வலிக்கான ஜி89 என்ற பிரிவே கிடையாது.

கேள்வி: நாள்பட்ட கீழ்முதுகு வலி என்று டாக்டர் எழுதியிருந்தால் ஜி89.29 முதலில் வருமா, எம்54.50 முதலில் வருமா? டீமில் ஒருவர் ஒன்று சொல்கிறார், ஆடிட்டர் வேறு சொல்கிறார்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். நோயாளி அன்றைக்கு எதற்காக வந்தார் என்பதைச் சார்ட்டில் தேடுங்கள். வரிசை அதிலிருந்துதான் வரும்.

ஒரே நோயாளியை நான்கு இடங்களில் வைத்துப் பார்ப்போம். முதலில் அவர் குடும்ப டாக்டரிடம் போகிறார். முதுகு ஏன் வலிக்கிறது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. டாக்டர் பரிசோதித்து, எக்ஸ்ரே எழுதிக்கொடுத்து, 'நாள்பட்ட கீழ்முதுகு வலி' என்று முடிக்கிறார். இங்கே வலி எந்த இடத்தில் என்பதைச் சொல்லும் எம்54.50 முதலில் வரும். அது நாள்பட்டது என்ற கூடுதல் விவரத்துக்காக ஜி89.29 இரண்டாவதாக வரும்.

அடுத்து அதே நோயாளி வலி நிவாரண கிளினிக்குக்குப் போகிறார். வந்த காரணமே வலியைக் கட்டுப்படுத்துவது. இப்போது வரிசை மாறுகிறது: ஜி89.29 முதலில், எம்54.50 பிறகு.

மூன்றாவது, எம்ஆர்ஐ எடுத்தாயிற்று. இடுப்புப் பகுதியில் டிஸ்க் விலகி நரம்பு வேரை அழுத்துகிறது என்று தெரிந்துவிட்டது. அவர் முதுகுத்தண்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள வருகிறார். ஊசி வலிக்காகத்தான் போடப்படுகிறது. அதனால் டிஸ்க் விலகல் சரியாகப் போவதில்லை. எனவே டாக்டர் 'நாள்பட்ட வலி' என்று எழுதியிருந்தால் ஜி89.29 முதலில், காரணமான டிஸ்க் கோளாறின் கோட் எம்51.16 அடுத்து. எம்54.50 இங்கே வரவே கூடாது. டிஸ்க் விலகலால் வரும் முதுகு வலியை எம்54.5-இன் கீழ் உள்ள எக்ஸ்க்ளூட்ஸ்1 (இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது என்னும்) குறிப்பு வெளியே தள்ளிவிடுகிறது. திடீர் வலியா, நாள்பட்டதா என்று டாக்டர் எழுதாமல் விட்டிருந்தால் ஜி89-ஐத் தொடாதீர்கள். எம்51.16 மட்டும் போதும்.

நான்காவது, டிஸ்க்கைச் சரிசெய்ய அறுவை சிகிச்சைக்கே அட்மிட் ஆகிறார். இப்போது நோக்கம் மூல நோயைத் தீர்ப்பது. மூல நோயின் கோட் மட்டும் முதன்மை டயக்னோசிஸாக வரும். ஜி89 எந்த இடத்திலும் வராது. எலும்புகளை இணைக்கும் ஸ்பைனல் ஃப்யூஷன், முறிந்த முதுகெலும்பில் சிமென்ட் செலுத்தும் கைஃபோபிளாஸ்டி இரண்டையும் கைடுலைன் பெயர் சொல்லியே உதாரணமாகத் தருகிறது. அதே அட்மிஷனில் வலிக்காக நரம்பைத் தூண்டும் நியூரோஸ்டிமுலேட்டர் கருவியையும் பொருத்தினால் ஜி89 இரண்டாவதாக உள்ளே வரலாம். கருவி பொருத்துவதற்காக மட்டுமே அட்மிட் ஆனால் வலியின் கோடே முதலிடம்.

பில்லிங் பக்கம் ஒரு விஷயம். மூன்றாவது இடத்தில், அதாவது ஊசிக்கு வந்தபோது, கோட் வரிசை சரியாக இருந்தும் க்ளெய்ம் டினையல் ஆவது (காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுப்பது) உண்டு. டாக்டரின் கட்டணத்தைக் கேட்டு அனுப்பும் சிஎம்எஸ்-1500 படிவத்தில் பெட்டி 21-ல் 12 டயக்னோசிஸ் வரை எழுதலாம். ஆனால் ஒவ்வொரு சிகிச்சை வரிக்கும் பெட்டி 24ஈ-யில் 4 பாயிண்டர்தான் (அந்தச் சிகிச்சை எந்த டயக்னோசிஸுக்காக என்று காட்டும் குறி). 62323, 64483 போன்ற சிகிச்சைக் கோட் உள்ள எபிடியூரல் (முதுகுத்தண்டு) ஊசி வரியை ஜி89.29-க்கு மட்டும் பாயிண்ட் செய்துவிட்டால், ஊசி ஏன் தேவைப்பட்டது என்பதற்கான மருத்துவக் காரணம் காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் படாது. மெடிக்கேர் என்ற அமெரிக்க அரசுக் காப்பீட்டின் கான்ட்ராக்டர்கள் வெளியிடும் கவரேஜ் பட்டியலில் நரம்பு வேர் அழுத்தத்தைச் சொல்லும் கோடுகளைத்தான் தேடுவார்கள். அந்த வரியின் பாயிண்டரில் எம்51.16 கட்டாயம் இருக்கட்டும். டினையலைக் கண்டு பயந்து டயக்னோசிஸ் வரிசையையே மாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலை வேண்டாம். பாயிண்டரைச் சரிசெய்தால் போதும்.

கேள்வி: 'ஏழு மாதமாக முழங்கால் வலி' என்று இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் போனாலே நாள்பட்ட வலிதானே? ஜி89.29 போட்டேன், ஆடிட்டில் பிழை என்று வந்துவிட்டது.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: ஆடிட்டர் சொன்னது சரி. வலி எத்தனை நாளானால் நாள்பட்டதாகிறது என்பதற்கு ஐசிடி-10-சிஎம் கைடுலைன் எந்தக் கால வரம்பும் வைக்கவில்லை. டாக்டரின் எழுத்துதான் வழிகாட்டி என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மூன்று மாதக் கணக்கு ஐசிடி-11-இல் இருக்கிறது. அங்கே எம்ஜி30 என்ற பிரிவு, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்கிறது. அந்த அளவுகோலை இங்கே கொண்டுவர முடியாது.

சார்ட்டில் இருப்பது ஏழு மாதம் என்ற காலக்கணக்கு மட்டும். அதை நாள்பட்டது என்று முடிவுசெய்யும் பொறுப்பு டாக்டருடையது. எந்தப் பக்கம் என்று எழுதியிருந்தால் எம்25.561 (வலது) அல்லது எம்25.562 (இடது) போடுங்கள். நாள்பட்டதா என்று தெரிய வேண்டுமென்றால் டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்புங்கள்.

க்வெரியின் வாசகத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'நாள்பட்ட வலி என்று சேர்த்துத் தர முடியுமா?' என்று கேட்பது பதிலை டாக்டரின் வாயில் திணிப்பது. சார்ட்டில் உள்ள தடயங்களை முதலில் எடுத்துவையுங்கள்: எத்தனை மாதம், என்ன மருந்து, எத்தனை முறை வந்தார். பிறகு கேளுங்கள்: 'இந்த வலியின் தன்மையைக் குறிப்பிடவும்: திடீர் வலி, நாள்பட்ட வலி, வேறு ஏதாவது, சொல்ல இயலவில்லை.' கடைசி இரண்டும் இல்லாத க்வெரி நேர்மையான க்வெரி ஆகாது. இதைக் கோட் போட்டால் பணம் கூடும், குறையும் என்ற பேச்சும் அதில் வரக்கூடாது.

இதே வகையில் இன்னொரு தவறும் நிறைய நடக்கிறது. 'நாள்பட்ட வலி' என்று இருக்கும் இடத்தில் ஜி89.4 போட்டுவிடுகிறார்கள். ஜி89.4 என்பது நாள்பட்ட வலி சின்ட்ரோம். சின்ட்ரோம் என்று டாக்டரே எழுதியிருந்தால்தான் அது. வெறும் நாள்பட்ட வலிக்கு ஜி89.29. மூளை, தண்டுவடப் பாதிப்பால் வரும் சென்ட்ரல் பெயின் சின்ட்ரோமுக்கான ஜி89.0-க்கும் இதே விதிதான்.

கேள்வி: எம்54.5 போட்டால் சாஃப்ட்வேர் ஏற்கவில்லை. பழைய பயிற்சிக் குறிப்பில் அப்படித்தானே இருக்கிறது?
– ஒரு மாணவி, கோவை

பதில்: குறிப்பு பழையதாகிவிட்டது. 2021 அக்டோபர் 1 முதல் எம்54.5 மூன்றாகப் பிரிந்துவிட்டது. எம்54.50 காரணம் குறிப்பிடாத கீழ்முதுகு வலி. எம்54.51 முதுகெலும்பின் எண்ட்பிளேட்டிலிருந்து (டிஸ்க்கைத் தொடும் பரப்பு) கிளம்பும் வலி. டாக்டர் அந்தப் பெயரிலேயே எழுதியிருக்க வேண்டும். எம்54.59 மற்ற வகை. வலி காலுக்கும் இறங்கி, சயாட்டிகாவோடு சேர்ந்தது என்று எழுதியிருந்தால் இவை மூன்றுமே இல்லை. வலது பக்கத்துக்கு எம்54.41, இடது பக்கத்துக்கு எம்54.42. கனமான பொருளைத் தூக்கித் தசை பிடித்துக்கொண்டது என்றால் அது காயம். எஸ்39.012 பக்கம் போக வேண்டும்.

டிஸ்க் தேய்மானத்துக்கான எம்51.36-க்கும் இதுவே நடந்தது. 2024 அக்டோபர் 1 முதல் ஆறாவது எழுத்து கட்டாயம். முதுகு வலி மட்டும் என்றால் எம்51.360, கால் வலி மட்டும் என்றால் எம்51.361, இரண்டும் இருந்தால் எம்51.362, வலி பற்றிப் பேச்சே இல்லையென்றால் எம்51.369. கீழ்முதுகும் இடுப்பெலும்பும் சேரும் லம்போசேக்ரல் பகுதிக்கான எம்51.37-உம் இதேபோலப் பிரிகிறது. வலியும் கோடுக்குள்ளேயே வந்துவிட்டதால் கூடவே எம்54.50 சேர்க்க வேண்டியதில்லை.

எந்த ஆண்டின் கோட் என்பது நோயாளியைப் பார்த்த தேதியைப் பொறுத்தது. செப்டம்பர் 30 அன்று பார்த்த வெளிநோயாளியின் சார்ட் அக்டோபர் 10-ஆம் தேதி உங்கள் கைக்கு வந்தாலும் பழைய தொகுப்புதான். உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: கார் விபத்தில் கழுத்துத் தசை பிடித்துக்கொண்ட ஒருவர் சில மாதங்கள் கழித்து வலி கிளினிக்குக்கு வருகிறார். எஸ் கோடா, எம் கோடா, ஜி கோடா? ஏழாவது எழுத்து என்ன?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: மூன்றும் வரலாம். காயம் ஆறிய பிறகும் அதன் விளைவாக நாள்பட்ட வலி நிற்கிறது என்று டாக்டர் எழுதியிருந்தால் வரிசை இது: ஜி89.21 (அடிபட்டதால் வந்த நாள்பட்ட வலி), எம்54.2 (கழுத்து வலி), எஸ்16.1எக்ஸ்எக்ஸ்எஸ் (கழுத்துத் தசைப்பிடிப்பின் பின்விளைவு). கடைசி 'எஸ்' பின்விளைவைக் குறிக்கிறது. இப்போதிருக்கும் பிரச்சினை முதலில், அதற்குக் காரணமான பழைய காயம் பிறகு. பின்விளைவு எழுத்து போட்ட காயக் கோட் முதலில் நின்றால் வரிசை தவறு. நடுவில் உள்ள இரண்டு எக்ஸ்களையும் விட்டுவிடாதீர்கள். ஏழாவது எழுத்து ஏழாவது இடத்தில் நிற்க அவை வேண்டும்.

காயக் கோடின் ஏழாவது இடத்தில் வரும் 'ஏ' எழுத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம். முதல் முறை வந்தால்தான் 'ஏ' என்று பலர் நினைக்கிறார்கள். காயத்துக்கு நேரடி சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் வரை 'ஏ'தான். புது டாக்டரிடம் மூன்றாவது முறை வந்தாலும் அப்படியே. சிகிச்சை முடிந்து ஆறும் கட்டத்தில் வழக்கமான கவனிப்புக்கு வரும்போதுதான் 'டி'.

கேள்வி: முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்தவருக்கு வலி. எம்25.561 போடலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: டாக்டர் அந்த வலியை எதோடு சேர்த்து எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். பொருத்திய செயற்கை மூட்டால்தான் வலி என்று தெளிவாக இருந்தால் டி84.84எக்ஸ்ஏ (ஆங்கில T-யில் தொடங்குவது). கூடவே வலி திடீரென்றதா, நாள்பட்டதா என்பதற்கு ஜி89.18 அல்லது ஜி89.28. டி84.84 எந்த மூட்டு என்று சொல்லாது. வலது முழங்காலில் செயற்கை மூட்டு இருப்பதைச் சொல்ல இசட்96.651 உதவும்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலி வந்தது என்பதால் அறுவை சிகிச்சையால்தான் வந்தது என்று நாமே முடிச்சுப் போட முடியாது. காம்ப்ளிகேஷன் (சிகிச்சையால் வந்த சிக்கல்) கோட் எதுவானாலும் அந்தத் தொடர்பை டாக்டர் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் க்வெரி. அறுவை சிகிச்சை முடிந்தவுடன் எல்லோருக்கும் வரும், எதிர்பார்த்த வலிக்குத் தனிக் கோட் கிடையாது. வழக்கத்துக்கு மீறிய வலி என்று எழுதி, திடீரென்றதா நாள்பட்டதா என்று சொல்லாமல் விட்டிருந்தால் திடீர் வலியின் கோடே டிஃபால்ட். ஜி89-இல் இப்படி டாக்டர் சொல்லாமலே ஒரு பக்கம் சாயக் கைடுலைன் அனுமதிப்பது அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்குத்தான்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய நோயாளி. வலி தாங்காமல் அட்மிட் ஆகியிருக்கிறார். புற்றுநோய்க் கோட்தானே முதலில்?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: வலியைக் கட்டுப்படுத்தவே அட்மிட் ஆனார் என்று சார்ட் சொன்னால் ஜி89.3 (புற்றுநோயால் வரும் வலி) முதலில். பிறகு எலும்பில் பரவியதற்கு சி79.51, மூலப் புற்றுநோய்க்கு சி50 வரிசையில் உரிய கோட். மார்பகத்தை அகற்றி, சிகிச்சையும் முடிந்து, அங்கே புற்றுநோயின் தடயம் இல்லை என்றால் சி50-க்குப் பதில் இசட்85.3 (முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்தது). புற்றுநோய்க்கான சிகிச்சைக்கு வந்தபோது வலியும் குறிப்பிடப்பட்டிருந்தால் ஜி89.3 பின்னால் போய்விடும். கீமோதெரபிக்கு மட்டும் வந்தவருக்கு இசட்51.11 முதலிடம்.

ஜி89.3-க்குத் திடீர், நாள்பட்டது என்ற பாகுபாடே இல்லை. வலிக்கும் இடத்துக்குத் தனிக் கோடும் தேவையில்லை. ஆனால் வலி புற்றுநோயால்தான் என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். புற்றுநோய் உள்ளவருக்கும் தசைப்பிடிப்பால் முதுகு வலிக்கலாம்.

கேள்வி: எமர்ஜென்ஸி சார்ட்டில் 'வலது அடிவயிற்று வலி, அப்பென்டிசைட்டிஸ் இருக்கலாம்' என்று இருக்கிறது. எதைப் போடுவது? ஆர்52 எப்போது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: எமர்ஜென்ஸியில் பார்த்து வீட்டுக்கு அனுப்பினால் அது வெளிநோயாளிக் கணக்கு. 'இருக்கலாம்', 'சந்தேகம்', 'இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்' என்றெல்லாம் எழுதியதை நோயாகக் கோட் போடக்கூடாது. வலது அடிவயிற்று வலிக்கான ஆர்10.31 மட்டும். அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆகும்போதும் 'இருக்கலாம்' என்றே எழுதி முடித்திருந்தால், மருத்துவமனையின் உள்நோயாளிக் கோடிங்கில் அந்த நோய் இருப்பதாகவே கொண்டு கோட் போடலாம். இந்தச் சலுகை மருத்துவமனை பில்லுக்குத்தான். டாக்டரின் தனி பில்லுக்குக் கிடையாது.

ஆர்52 கடைசிப் புகலிடம். எங்கே வலி என்றே தெரியாதபோது, அல்லது உடம்பெல்லாம் வலி என்று மட்டும் எழுதியிருக்கும்போது வரும். இடம் தெரிந்தால் இடத்தின் கோட். கோட் தொகுப்பின் இன்டெக்ஸில் ஒரு விசித்திரம்: இடம் சொல்லாத 'திடீர் வலி' ஆர்52-க்குப் போகும், இடம் சொல்லாத 'நாள்பட்ட வலி' ஜி89.29-க்குப் போகும்.

கேள்வி: வலிக்காக நெடுநாளாக ஓபியாய்டு (அபின் வகை வலி நிவாரணி) மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எஃப்11.20 (ஓபியாய்டு சார்பு நிலை) போட வேண்டும் என்று சீனியர் சொல்கிறார். சரியா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, சென்னை

பதில்: டாக்டர் ஓபியாய்டு சார்பு நிலை என்று எழுதாதவரை சரியல்ல. டாக்டர் எழுதிக்கொடுத்தபடி நீண்ட காலம் எடுத்துக்கொள்கிறார் என்றால் இசட்79.891. மருந்துப் பட்டியலில் ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டு இருப்பதைப் பார்த்து எஃப்11-க்குப் போவது, ஒருவர் மேல் இல்லாத நோயை எழுதிவைப்பது. அந்த எழுத்து அவருடைய ரெக்கார்டில் நிலைத்துவிடும். அடுத்த டாக்டர் வலிக்கு மருந்து எழுதத் தயங்குவார். முகம் தெரியாத அந்த நோயாளிக்கு நாம் செய்யக்கூடிய பெரிய தீங்குகளில் இது ஒன்று. சீனியரிடம் மரியாதையாகவே, எந்த வரியில் டாக்டர் சார்பு என்று எழுதியிருக்கிறார் என்று காட்டச் சொல்லுங்கள். அந்த வரி இருந்தால் அவர் சொல்வது சரி. அப்போது இசட்79.891 சேராது.

கேள்வி: இரண்டு முழங்காலிலும் வலி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோட் தேடினேன், கிடைக்கவில்லை.
– ஒரு மாணவர், ஈரோடு

பதில்: கிடையாது. எம்25.561, எம்25.562 இரண்டையும் போடுங்கள். பக்கம் தெரிந்திருக்கும்போது பக்கம் குறிப்பிடாத எம்25.569 போட்டால் ஆடிட்டில் பிழை விழும். இரண்டு முழங்காலிலும் முதன்மை ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் (மூட்டுத் தேய்மானம்) என்று டாக்டர் முடிவுசெய்துவிட்டால் எம்17.0 ஒன்றே இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடும். அந்த வலி அந்த நோயின் பகுதி என்பதால் எம்25.56 வரிசையை எடுத்துவிடுங்கள்.